அடுக்குப் பிழை என்று நான் எழுதியது

போன மாதம் நிவேதா வீட்டுக்கு வந்தாள். விருத்தாசலத்தில் நான் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில், நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். செக்கிங் பிரிவு. சூளையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு பீங்கானையும் தட்டிப் பார்த்து, நல்லது கெட்டது பிரித்து, கெட்டுப் போனதற்கு என்ன காரணம் என்று ரெஜிஸ்டரில் எழுதுகிற வேலை. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு மெத்தை போட்டுவிட்டார்களாம். நல்லது, என் இடுப்பு போனதாவது யாருக்காவது உதவட்டும்.

புதிதாக ஒரு சூளை கட்டப் போகிறார்கள். கட்டித் தருகிறவர்கள் ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தார்கள். மண் எப்படி, தண்ணீர் எத்தனை அடியில், பக்கத்தில் ரயில் பாதை உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். அதில் ஒன்று: "இந்த இடத்தில் இதற்கு முன் நில அதிர்வு உணரப்பட்டதுண்டா?" எதிரே உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"பழைய ரெஜிஸ்டரெல்லாம் பொரட்டிட்டேன் மேடம். தும்மலுதான் மிச்சம். ஆடுச்சின்னு எங்கியும் ஒரு வரி இல்ல. நம்ம ஊர்ல ஏது மேடம் பூகம்பம்? இல்லன்னு டிக் அடிச்சிடுறேன். சும்மா உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

சும்மா ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அவளுக்கு காபி போட்டேன், பிஸ்கட் எடுத்து வைத்தேன், மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் உட்கார்ந்தேன். அன்று அவளிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பீங்கான் தொழிலை நான் இந்த ஊரிலேயே படித்தேன். மூன்று வருடப் படிப்பு. வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். அந்த மூன்று வருடத்தில் என்ன படித்தேன் என்றால் முக்கால்வாசி மறந்துவிட்டது. ஒரு நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. களிமண் எடுக்கும் பள்ளம் ஒன்றுக்கு எங்களைக் கூட்டிப் போனார்கள். பள்ளத்தின் சுவரில் வெள்ளைக் களிமண் ஒரே பட்டையாக ஓடியது. ஓரிடத்தில் அந்தப் பட்டை திடீரென்று நின்றுபோய், ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே மறுபடி தொடங்கியது. வேட்டியைக் கிழித்து ஒரு பாதியைக் கீழே இறக்கிப் பிடித்த மாதிரி. நிலம் எப்போதோ அந்த இடத்தில் முறிந்து, ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கிறது என்று வாத்தியார் சொன்னார். நம் ஊருக்கு மேற்கே பாறை, கிழக்கே மண். இரண்டும் சேரும் இடத்தில் இப்படி முறிவுகள் நிறைய இருக்குமாம்.

"அது இப்ப செத்துப் போச்சா சார், தூங்குதா?" என்று கேட்டேன்.

"அத எப்படிம்மா சொல்றது? நாம பாத்து எழுதுனது கொஞ்ச காலந்தான். அது படுத்துக் கெடக்கறது எத்தினியோ யுகமா. நாம முழிச்சிருந்து பாக்காதத தூங்குதுன்னும் சொல்லக் கூடாது, செத்துச்சின்னும் சொல்லக் கூடாது" என்றார். பரீட்சைக்கு வராது என்று தெரிந்ததும் அதை நோட்டில்கூட எழுதவில்லை.

கம்பெனியில் சேர்ந்தபோது செக்கிங் பிரிவுக்கு வந்த முதல் பெண் நான்தான். அங்கே செய்தது பொம்மையும் டீ கப்பும் இல்லை. கரண்ட் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான். முழங்கை நீளம் இருக்கும். ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் மழை நாளில் கம்பத்தின் கீழே நிற்கிறவன் உயிர் போகும். அதனால் செக்கிங்குக்கு மரியாதை உண்டு. எங்கள் சூப்பிரண்டு வேதமாணிக்கம் சார்தான் எனக்குத் தட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். சின்ன மரக்கட்டையால் பீங்கானின் தோளில் ஒரு தட்டு. நல்லதானால் கோயில் மணி போலக் கேட்கும். விரிசல் விட்டதானால் ஓட்டுச் சில்லைத் தட்டிய மாதிரி செத்த ஓசை.

அவரைப் பற்றி ஊரில் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். குரலை உயர்த்த மாட்டார். கூட்டிப் பெருக்குகிற பெண்ணையும் வாங்க, போங்க என்றுதான் சொல்வார். வெள்ளைச் சட்டையில் களிமண் பட்டு நான் பார்த்ததில்லை. ரப்பர் செருப்பு போட்டு நடப்பதால் வருவதே தெரியாது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார், கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அவர் மெதுவாகப் பேசத் தொடங்கினால் நாங்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிடுவோம்.

அவர் கொண்டுவந்த ஏற்பாடுதான் அந்த ரெஜிஸ்டர். கெட்டுப் போன பீங்கானுக்கு ஐந்து கட்டங்கள். மண் பிழை, அச்சுப் பிழை, பூச்சுப் பிழை, அடுக்குப் பிழை, தீப் பிழை. ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருந்தார். மண் என்றால் மண் குழைப்பவர், அடுக்கு என்றால் சூளை வண்டியில் அடுக்குபவர், தீ என்றால் எரிப்பவர். உடைந்த சாமான் எதுவானாலும் ஐந்தில் ஒரு கட்டத்தில் போய் உட்கார வேண்டும். ஆறாவது கட்டம் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், காரணம் தெரியவில்லை என்று ஓரத்தில் எழுதிவிட்டேன். அவர் ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"வசந்தா, இது யாரோட கட்டம்?"

"தெரியல சார்."

"தெரியலைன்னு சொல்றதுக்கு வாசல்ல வாட்ச்மேன் இருக்காரும்மா. நீங்க எதுக்கு?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு தெரியவில்லை என்று நான் எழுதியதே இல்லை. தெரியாதபோதும் எழுதவில்லை. ஊசி இடம் கொடுத்தால்தான் நூல் நுழையும் என்பார்கள். நான் கொடுத்த முதல் இடம் அதுதான்.

கலியபெருமாள் எங்கள் கம்பெனியின் அடுக்குபவர். நல்லூர்ப் பக்கத்து ஆள், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் கலியண்ணே என்பேன், அவர் செக்கிங் அம்மா என்பார். அவருடைய வேலையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். சூளைக்குள் போவது தண்டவாளத்தில் ஓடும் இரும்பு வண்டி. அதன் மேல் சூடு தாங்கும் தீக்கல் தட்டுகளைப் பரப்பி, தட்டின் மேல் பீங்கானை நிற்க வைத்து, சுற்றிலும் தீக்கல்லில் செய்த குட்டிக் கால்களை நட்டு, அவற்றின் மேல் அடுத்த தட்டு. இப்படி ஏழு அடுக்கு. சிமெண்டும் கிடையாது, பசையும் கிடையாது. எல்லாம் கை கணக்குத்தான். ஒரு கால் அரிசி அளவு குட்டையாக இருந்தால் உள்ளே சூட்டில் மொத்தமும் சரியும். கலியண்ணன் ஒவ்வொரு காலையும் விரலால் சுற்றித் தடவிப் பார்ப்பார். சில கால்களை ஒதுக்கிப் போடுவார். ஏன் என்று கேட்டால், "இது மூஞ்சி சரியில்லம்மா" என்பார்.

அடுக்கி முடித்ததும் தண்ணி பார்ப்பது என்று ஒரு வழக்கம். எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி ஏழாவது தட்டின் மேல் வைப்பார். நான்கு பேர் வண்டியைத் தள்ளுவார்கள். களத்திலிருந்து சூளை வாசல் வரைக்கும் தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. செக்கிங்கிலிருந்து நான் கூடவே நடந்து வந்து, "தண்ணி சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கதவு மூடுவார்கள். கலியண்ணன் இருந்த காலம் முழுவதும் அவர் வண்டியில் தண்ணீர் சிந்தி நான் பார்த்ததில்லை. சூளை வாசலில் அந்தத் தண்ணீரை எடுத்து அவரே குடிப்பார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், மாப்பிள்ளை தோற்றான்.

நான் சேர்ந்து சில வருடம் கழித்து, மாசி மகத்துக்கு முந்தைய நாள் ஒரு பெரிய வண்டி உள்ளே போனது. வெளி மாநிலத்து ஆர்டர். தண்ணி பார்த்தோம், சிந்தவில்லை. கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை தீ வைத்தார்கள்.

மறுநாள் மாசி மகம், கம்பெனிக்கு விடுமுறை. எரிப்பவர் மட்டும் காவல் இருந்தார். நான் மாமியாரைக் கூட்டிக்கொண்டு மணிமுத்தாற்றங்கரைக்குப் போனேன். எள் போட்டால் எள் விழாத கூட்டம். உச்சி வெயில், மேளம், வேட்டு. திடீரென்று கால் கீழே ஒரு மாதிரி வழுக்கியது. வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்கிறோம், தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "யாருடி அது தள்ளுறது? கண்ணு தெரியல?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் என் பின்னால் நின்றவளைப் பார்த்தேன். அவள் தன் பின்னால் பார்த்தாள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் எல்லோரையும் யாரோ பின்னாலிருந்து தள்ளியிருக்கிறார்கள், தள்ளியவர் மட்டும் ஒருவரும் இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை செக்கிங் அறையைத் திறந்தேன். சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. கிழக்கு மேற்காக நீண்ட மர அலமாரியில் மாதிரிப் பீங்கான்களை வரிசையாக நிறுத்தி வைத்திருப்போம். வருடக்கணக்காக யாரும் தொடாதவை, அடியைச் சுற்றிலும் தூசி படிந்திருக்கும். அன்று அந்த வரிசை முழுவதும் கிழக்குப் பக்கமாக இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது. அவை நின்ற இடங்களில் தூசியில்லாத வட்டங்கள் தெரிந்தன. கிழக்குக் கோடியில் இருந்தது கீழே விழுந்து உடைந்திருந்தது. கல் குவாரியில் வெடி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் தட்டுமுட்டு எது ஆடினாலும் குவாரி வெடி என்றுதான் சொல்வோம். திருவிழா அன்று எந்தக் குவாரியில் வேலை நடந்தது என்று யோசிக்கவில்லை. பீங்கான்களைத் திரும்பப் பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தேன், உடைந்ததை அள்ளினேன், ஈரத் துணியால் அலமாரியைப் பளிச்சென்று துடைத்தேன். சுத்தமான பெண் என்று எனக்குப் பெயர்.

சூளை ஆறி, அதற்கு அடுத்த நாள் கதவு திறந்தார்கள். வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவர முடியவில்லை, கயிறு கட்டி இழுத்தார்கள். வண்டி வெளிச்சத்துக்கு வந்தது.

ஏழு அடுக்கும் சாய்ந்திருந்தன. உள்ளே முழு வேக்காட்டில் பீங்கான் இளகி, பூச்சு உருகிப் பாகாக இருக்கும். அந்த நேரத்தில் சாய்ந்தது சாய்ந்தபடியே ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிட்டது. தட்டுகள் தனி, பீங்கான்கள் தனி என்று பிரிக்க முடியாது. நான் சுற்றி வந்து பார்த்தேன். இரண்டாவது முறையும் சுற்றினேன். சாதாரணமாக ஒரு கால் நழுவினால் அந்த மூலை இறங்கும், மேலே உள்ளவை அந்தப் பள்ளத்தில் விழும், கண்டபடி குவியும். இங்கே எந்த மூலையும் இறங்கவில்லை. எல்லாமே ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. தண்டவாளம் தெற்கு வடக்கு. வண்டி குலுங்கியிருந்தால் தெற்கேயோ வடக்கேயோ சாய்ந்திருக்க வேண்டும். இவை கிழக்கே சாய்ந்திருந்தன. என் அலமாரிப் பீங்கான்கள் நகர்ந்த அதே பக்கம்.

அந்த இடத்தில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆற்றங்கரையில் எல்லோரையும் தள்ளியது யார் என்றும் தெரிந்துவிட்டது. பரீட்சைக்கு வராத பாடம் வண்டியில் ஏறி என் முன்னால் வந்து நின்றது.

கலியண்ணன் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். பிறகு சூப்பிரண்டின் அறையில் கலியண்ணன், எரிப்பவர், நான் என மூன்று பேருக்கும் விசாரணை நடந்தது. சார் முதலில் எரிப்பவரைக் கேட்டார். காற்று ஊதும் ப்ளோயரின் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை, தீ சரியாகத்தான் இருந்தது என்று அவர் சொன்னார். தீ ஏறிய கணக்கும் சரியாகவே இருந்தது.

"ஐயா, இது கை தப்பு இல்லைங்க" என்றார் கலியண்ணன். "வண்டி குலுங்குனா முன்னயோ பின்னயோதான் சாயும். இது பக்கவாட்டுல சாஞ்சிக்கினு நிக்குது. ஒரு காலுகூட நழுவலைங்க. பூமிதான் ஆடியிருக்குது."

சார் கைக்குட்டையை எடுத்தார். "விருத்தாசலத்துலயா கலியபெருமாள்?" என்றார், மிக மெதுவாக. "பூமி ஆடுற ஊரெல்லாம் வடக்க இருக்குங்க. நம்ம ஊர்ல ஆடுனா தேரு ஆடும், இல்ல சாராயக் கடை வாசல்ல ஆளு ஆடும்."

எரிப்பவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆமாம், நானும்தான் சிரித்தேன்.

கலியண்ணன் என் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க ரூமு பூட்டித்தான இருந்துச்சி? அலமாரில சாமான் எதுனா நகுந்துச்சா? நகுந்திருந்தா சொல்லுங்கம்மா. அது ஒண்ணு போதும்."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எத்தனை நேரம் எடுத்துக்கொண்டேன் என்று தெரியாது. என் மனதில் ஓடியது மட்டும் தெரியும். பூமி ஆடியது என்றால் சூளையின் வளைவையும் புகைபோக்கியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் வேலை நிற்கும், ஆர்டர் போகும். ஆனால் அது முதலாளியின் கவலை, என் கவலை இல்லை. நான் பயந்தது அதற்கில்லை. சாப்பாட்டுக்குப் பயந்தேன், பிள்ளைகளுக்காகப் பயந்தேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை, சோற்றுக்குப் பஞ்சமில்லை. என்னைச் செக்கிங் இன்சார்ஜ் ஆக்கச் சொல்லி சார் மேலே எழுதியிருந்தார். பொம்பளையைத் தூக்கி வைத்தால் பூகம்பம் வந்தது என்று எழுதுகிறது பார் என்று ஊரிலுள்ள அத்தனை பீங்கான் கம்பெனியிலும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

"இல்லண்ணே. எதுவும் நகரல" என்றேன்.

சார் ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். "யாரோட கட்டம்மா?"

"தண்ணி சரின்னு நான்தான் சார் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். எனக்காகத்தான் சொன்னேன், அவருக்காக இல்லை.

"நீங்க பாத்தது வெளிய. கதவு மூடுனப்புறம் ஒரு காலு எடறியிருக்கும். அது உங்க தப்பு இல்லம்மா" என்றார் கனிவாக.

அடுக்குப் பிழை என்று எழுதினேன். மொத்த வண்டியும் ஒரே கட்டத்தில். கீழே கையெழுத்து. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். கலியண்ணன் சண்டை போடவில்லை, கத்தவில்லை. தன் இரண்டு கையையும் பார்த்துவிட்டு, "அப்ப என் கையிதான் போல" என்றார். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு மூன்று மாதத்தில் இன்சார்ஜ் வேலை வந்தது.

எங்கள் ஊரில் பீங்கான் கம்பெனிகள் சின்னதும் பெரியதுமாக நிறைய உண்டு. ஆனால் ஒரு வண்டியைச் சாய்த்தவன் என்று பெயர் வந்துவிட்டால் அடுக்குகிற வேலைக்கு யாரும் சேர்க்க மாட்டார்கள். வேறு வேலை கொடுப்பார்கள், அடுக்க விட மாட்டார்கள். ராசி இல்லாத கை என்பார்கள். அவர் நான்கைந்து இடங்களில் கேட்டுப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். பிறகு மங்கலம்பேட்டையில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை இறக்குகிறார் என்றார்கள். ஒரு முறை அந்தக் கடைப் பக்கம் பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் இடம் இருந்தும் உள்பக்கமாக உட்கார்ந்துகொண்டேன். அந்த மாசி மகத்தன்று மங்கலம்பேட்டையில் பாத்திரக் கடையில் தட்டுகள் கலகலத்தன என்றும் பிற்பாடு யாரோ சொன்னார்கள். அவர்களும் குவாரி வெடி என்றே நினைத்திருந்தார்கள். பேப்பரில் ஒரு வரி வரவில்லை.

அமைதியான ஊர் என்று பெயர் வாங்குவது ஒன்றும் கஷ்டமில்லை. ஆடியதை எழுதாமல் விட்டால் போதும். ஆற்றங்கரையில் பின்னால் நிற்பவளைத் திட்டினோம், கடையில் குவாரியைத் திட்டினோம், கம்பெனியில் கலியபெருமாள் மேல் எழுதினோம். எல்லோரும் சேர்ந்து ஒரு முறிவைத் தூங்க வைத்தோம்.

இவ்வளவையும் நிவேதாவிடம் சொன்னேன், சிரிப்புக்குப் பயந்ததை மட்டும் விட்டுவிட்டு. அவள் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஆதாரம் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க. ரெஜிஸ்டர்ல அடுக்குப் பிழைன்னு உங்க கையெழுத்தே இருக்குது. இப்ப உண்டுன்னு போட்டா, எதை வச்சிப் போட்டன்னு என்னத்தான் கேப்பாங்க."

"அப்ப இல்லன்னு போடப் போறியா?"

"நான் இன்னா மேடம் பண்றது? இப்பதான் பர்மனென்ட் பண்ணியிருக்காங்க."

அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? புதுச் சூளையின் அஸ்திவாரம் ஆடாத ஊருக்கென்று போடப்படும். அதற்கு ஆதாரம் என் கையெழுத்து. அவளை வாசல் வரைக்கும் வழியனுப்பிவிட்டு வந்தேன். அந்தத் தாளைத்தான் மாற்ற முடியாது, ஒரு மனிதனுக்காவது போய்ச் சொல்லிவிடலாம் என்று நான்கு நாள் கழித்து நல்லூர் பஸ் ஏறினேன்.

கலியண்ணன் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நரைத்து, ஒடுங்கி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதுகு கூன் விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"செக்கிங் அம்மாவா? எம்மாந் தூரம் வந்திருக்கீங்க! தே, யாரு வந்திருக்காங்க பாரு. நாற்காலிய எடுத்தா."

அவர் மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். டீ போட்டுக் கொடுத்தாள். அவர் பழைய ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்தார். வேதமாணிக்கம் சார் காலமாகிவிட்டதைச் சொன்னேன், "தங்கமான மனுசன்" என்றார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அன்னைக்கு என் அலமாரி நகர்ந்திருந்துச்சு. எல்லாம் கிழக்கப் பாத்து நகர்ந்திருந்துச்சு. உங்க கை தப்பு இல்ல. பூமிதான் ஆடுச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவர் முகம் தெளியும் என்று நினைத்து வந்திருந்தேன். அப்படித்தான் நினைத்தேன், இந்த வயதிலும் எனக்கு அவ்வளவுதான் புத்தி. அது தெளியவில்லை.

"நகரலன்னு சொன்னீங்களேம்மா."

"பொய் சொன்னேண்ணே."

"தெரிஞ்சேவா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சிதாம்மா நான் ஒத்துக்கிட்டேன்" என்றார். "அந்த வண்டிய மனசுக்குள்ளயே எத்தினி தடவ பிரிச்சி அடுக்கிட்டேன் தெரியுமா? எந்தக் காலு, எந்தக் காலுன்னு. மூணாவது தட்டுல கெழக்கால இருந்த ஒரு காலுமேல எனக்குச் சந்தேகம் வந்துச்சி. அதுதான்னு முடிவு பண்ணிட்டேன். தூக்கத்துல எழுந்து அதத் தடவிப் பாக்குற மாதிரி கைய ஆட்டுவேன்."

கதவோரம் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் எங்களைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி வூட்ல தண்ணிக் கொடம் தளும்பிச்சின்னு இவ சொன்னா" என்றார். "கொடம் தன்னால ஆடுச்சி, கோழியெல்லாம் கத்துச்சி, உங் கை தப்பு இல்லய்யான்னு தெனம் சொன்னா. படிச்ச அம்மாவே இல்லன்னுட்டாங்க, நீ இன்னா கண்டுட்டன்னு கேட்டேன். அப்பவும் சொன்னா. கைய நீட்டிட்டேம்மா. ஒரு நாளு இல்ல. அவ சொல்றத நிறுத்துற வரிக்கும் அடிச்சேன்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. எழுந்து அந்த அம்மாளின் பக்கம் போனேன். அவள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். டீ பாதிக்கு மேல் இருந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சி, பொறப்படுங்கம்மா" என்றாள்.

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.